கல்முனைக் கரையிற் கிறிஸ்தவ விசுவாசம்: பள்ளிக்கூடமும் அயலும்

ஈழத்திற் கிறிஸ்தவ சமயம் பரவிய வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் மேற்குக் கரையோரத்தையுமே தமது களங்களாகக் கொண்டனர். அங்கே ஆவணங்கள் மிகுதி. கிறிஸ்தவரின் தொகையும் மிகுதி. கல்முனையை நடுவாகக் கொண்ட தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும், அவற்றோடு இடையிட்டுக் கிடக்கும் தமிழ் ஊர்களும் இவ்வரலாற்றில் ஓரிரு வரிகளையே பெற்றுள்ளன. தொகையை அளவுகோலாகக் கொண்டால் இது வியப்புக்குரியதன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்ட மக்களுள் முஸ்லிம்கள் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டோர். கிறிஸ்தவரோ நூற்றுக்கு 2 என்னும் அளவினரே.

‘விசுவாசத்தில் வளர்தல்’ என்பது கிறிஸ்தவ போதனையில் இடையறாது வழங்கும் தொடர். சமயவாதி இதனைத் தனிமனிதனின் அகவளர்ச்சியாகக் காண்பான். வரலாற்று மாணவர்களாகிய நாமோ, ஒரு குறித்த காலத்தில், ஒரு குறித்த சமுதாயத்தில், இத்தொடருக்கு மக்கள் எத்தகைய பொருளைக் கொண்டனர் என்று வினவ வேண்டியவர்களாகின்றோம். வளர்ச்சி என்பது தொகைப் பெருக்கமா, விளக்கத்தின் ஆழமா? இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்த இடங்களில் அவற்றைப் பிரித்துணர்வது கடினம். கல்முனைக் கரையில் முதலாவது நிகழவில்லை. ஆகவே இரண்டாவதனைத் தனித்து நோக்குவதற்கு இப்பிரதேசம் ஏற்றதொரு களமாக அமைகின்றது. இக்கரையிற் கிறிஸ்தவம் அதிகாரத்தின் துணையோடு வந்து, பள்ளிக்கூடத்தின் வழியாக நிலைபெற்று, அவ்விரண்டின் பிடியும் தளர்ந்த பின்னரே தன்னைத் தானே விளங்கிக்கொள்ளத் தொடங்கிற்று என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முனையும் கருத்தாகும்.

ஊர்களும் உறவுகளும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரைத் தெருவிற் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இவற்றுட் பெரியநீலாவணை, பாண்டிருப்பு, காரைதீவு ஆகியன தமிழ் ஊர்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகியன முஸ்லிம் ஊர்கள். ஓரூரின் கடைசி வளவுக்கும் அடுத்த ஊரின் முதல் வளவுக்கும் இடையே பெரும்பாலும் ஓர் ஒழுங்கையே எல்லை. மேற்கே வயல்வெளி, கிழக்கே கடல். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகமாகவே இருந்தது.

இங்குள்ள இந்துக்களும் முஸ்லிம்களும் தாய்வழிக் ‘குடி’ அமைப்பைப் பொதுவாகக் கொண்டவர்கள். மணமகன் மனைவியின் வீட்டிற் குடியேறுவதும், வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வதும் இரு சாராருக்கும் உரிய வழக்கு. நெற்செய்கையைப் பொறுத்தவரையிலும் நிலமுடைய போடியார், வயலிற் பாடுபடும் முல்லைக்காரன் என்னும் உறவு சமய எல்லைகளைக் கடந்து நிலவியது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும், நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் அமைந்த கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றமும் இக்கரையின் பேர்பெற்ற விழாக்கள். அக்கரைப்பற்று முஸ்லிம்களையும் தமிழரையும் நெடுங்காலம் ஆராய்ந்து டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூல், இவ்வுறவுகளின் ஒற்றுமை வேற்றுமைகளை விரிவாக எடுத்துக்காட்டுகின்றது.

இத்தகைய சமுதாயத்திலே கிறிஸ்தவம் மூன்றாவதாக வந்தது. அது வந்த முறை அதன் பிற்கால வரலாற்றையும் நிர்ணயித்தது.

அதிகாரத்தின் சமயம்

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இடைப்பட்ட காலம் பத்தாண்டே. ஆயினும் இக்கரை முஸ்லிம்களின் நினைவிற் போர்த்துக்கேயருக்கு அதனினும் நீண்டதோர் இடமுண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்றோஸ் எழுதிய வரலாற்றால் அறியப்படும் செய்தியாகும். இக்கரையிலே முஸ்லிம்கள் அதற்கு முன்னரும் வாழ்ந்தனர். எனினும், அவர்களுள் ஒரு பகுதியினர் ஒரு கிறிஸ்தவ வல்லரசினால் விரட்டப்பட்டு இங்கு வந்தவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. பிற்காலத்திற் பாதிரிமார் முஸ்லிம் ஊர்களில் எதிர்கொண்ட அமைதியான மறுப்புக்கு இவ்வரலாற்றையும் ஒரு பின்னணியாகக் கொள்ளுதல் பொருந்தும்.

ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து தமது சீர்திருத்தச் சபையைப் புகுத்தினர். அவர்களது ஆட்சி வலுப்பெற்ற பகுதிகளில் ஞானஸ்நானம் பெற்றுப் பள்ளித் தோம்பிற் பெயர் பதிதல், பதவிக்கும் விவாகப் பதிவுக்கும் முதுச உரிமைக்கும் உதவும் ஒரு சான்றாயிற்று. ஆங்கிலேயர் 1795–96இல் ஒல்லாந்தரை அகற்றியதும், ஏட்டளவிற் கிறிஸ்தவராயிருந்தோரிற் பெருந்தொகையினர் தத்தம் பழைய வழிபாட்டுக்கு மீண்டனர். மட்டக்களப்பிலே கோட்டையை விட்டு விலகிய ஊர்களில் ஒல்லாந்தரின் நேரடி ஆட்சி நலிந்திருந்தமையால் இம்முறையின் பிடி இயல்பாகவே தளர்ந்திருந்தது.

தோம்பிற் பதிந்தது மறைய, தடைசெய்யப்பட்டது எஞ்சியது. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலும் தெற்கே சில ஊர்களிலும் தச்சு, கொல்லு, தையல் முதலிய கைத்தொழில்களைச் செய்துகொண்டு, தமது போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் கத்தோலிக்க வழிபாட்டையும் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். கோவாவிலிருந்து வந்த ஒரத்தோரியன் குருமார் 1687 முதல் மறைவாகவும் பின்னர் கண்டி மன்னரின் ஆதரவோடும் இலங்கைக் கத்தோலிக்கருக்குப் பணிபுரிந்தனர். அவர்களுள் யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றியவர். கத்தோலிக்கரைக் காத்தவன் ஒரு பௌத்த மன்னன். முஸ்லிம்களைக் காத்தவனும் அவன் முன்னோனே. ஆட்சியின் ஆதரவு ஒரு சமயத்துக்குத் தொகையைத் தரலாம். விளக்கத்தைத் தருவதில்லை என்பதற்கு இந்நூற்றாண்டு தெளிவான உதாரணமாகும்.

பள்ளிக்கூடத்தின் சமயம்

1814 யூன் மாத இறுதியில் வெஸ்லியன் மெதடிஸ்த மிசனைச் சேர்ந்த பாதிரிமார் காலியில் வந்திறங்கினர். அவர்களது தலைவர் தோமஸ் கோக் கப்பலிலேயே இறந்துவிட்டார். வந்தவர்களுள் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மனைவியும் கடற்பயணத்திலேயே மரணமானவர். ஓல்ட் தமிழ் கற்றார். சிறு பள்ளிக்கூடங்களை நிறுவினார். 1815 ஏப்பிரல் 1ஆம் நாள் மட்டக்களப்பிலே காலமானார். ஓராண்டும் நிரம்பாத அவரது பணியிலிருந்தே மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தனது வரலாற்றைத் தொடங்குகின்றது. கத்தோலிக்க மிசனைப் பொறுத்தவரை, 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாக்கப்பட்டது. 1895இல் பிரெஞ்சு இயேசு சபையினர் அதனைப் பொறுப்பேற்றனர். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரி அவர்களது பணியால் உயர்நிலை எய்தியது. கல்முனையில் மெதடிஸ்தரின் வழிவந்த உவெஸ்லி உயர்தரப் பாடசாலையும், கத்தோலிக்கரின் வழிவந்த கார்மேல் பாத்திமாக் கல்லூரியும் இன்றும் நிலைத்துள்ளன.

பாதிரிமாரின் நோக்கிற் பள்ளிக்கூடம் ஒரு வழி, சமயமாற்றமே முடிவு. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்து உதவி நன்கொடை முறை வலுப்பெற்றதும், மிசன் பாடசாலைகளின் உயிர் பரீட்சைப் பெறுபேற்றிலே தங்கிற்று. சமய போதனையும் அவ்வார்ப்பிலேயே அமைந்தது. வினாவும் விடையுமாக அமைந்த ஞானோபதேசத்தை மாணவன் மனனஞ் செய்தான், கேட்டபோது ஒப்புவித்தான். இம்முறையின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது. யாழ்ப்பாணத்திலே பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பிற் பணிபுரிந்த ஆறுமுக நாவலர் (1822–1879), அவ்வடிவத்தையே கையாண்டு சைவ வினாவிடையை ஆக்கினார். எதிர்ப்பவரும் மேற்கொள்ளத் தக்க கருவியாக அது இருந்தது. ஆயினும் வினாவை ஆசிரியரே கேட்டு விடையையும் அவரே அளிக்கும் முறையில், கற்பவனுடைய சொந்த வினாவுக்கு இடமில்லை.

‘விசுவாசம்’ என்னும் சொல்லுக்குத் தமிழ் வழக்கில் இரு பொருளுண்டு. ஒன்று நம்பிக்கை; மற்றையது எசமானுக்கு வேலையாள் காட்டும் நன்றியும் கீழ்ப்படிவும். ‘விசுவாசமான வேலையாள்’ என்னும்போது நாம் கருதுவது பின்னதனையே. குடியேற்ற ஆட்சிக்காலப் பள்ளிக்கூடத்தில் இவ்விரு பொருள்களும் பிரிக்கமுடியாதவாறு கலந்திருந்தன. கடவுளுக்கு விசுவாசம், பாதிரியாருக்கு விசுவாசம், அரசுக்கு விசுவாசம் என்பன ஒரே தொடரின் கண்ணிகளாயின. ஆங்கிலக் கல்வி கச்சேரியிலும் பாடசாலையிலும் உத்தியோகத்தைத் தந்தது. அதன் பயனைப் போடியார் குடும்பங்களும் நகர்ப்புறத்தாரும் பெற்ற அளவுக்கு, வயலிற் கூலிக்குப் பாடுபட்டோர் பெறவில்லை. வறியோருக்கு நற்செய்தி என்று தொடங்கியது, நடைமுறையில் வசதியுடையோருக்குப் பரீட்சையாகச் சுருங்கிய முரண்பாட்டை நாம் மறைத்தல் தகாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. காரைதீவிற் பிறந்த மயில்வாகனம் என்னும் சிறுவன் கல்முனையிலிருந்த மெதடிஸ்த மிசன் பாடசாலையிற் கற்றான். காரைதீவிலிருந்து கல்முனைக்கு வருபவர் சாய்ந்தமருதையும் கல்முனைக்குடியையும் கடந்தே வரவேண்டும். சைவ ஊரிற் பிறந்து, முஸ்லிம் ஊர்களைக் கடந்து, கிறிஸ்தவப் பாடசாலையை அடைவதாக அமைந்தது அச்சிறுவனின் கல்வி. பின்னர் அவன் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் இயேசு சபைக் குருமாரிடம் பயின்றான். அவனே சுவாமி விபுலாநந்தர் (1892–1947). 1924இல் துறவு பூண்டு, இராமகிருஷ்ண மிசனின் பாடசாலைகளைக் கிழக்கில் வளர்த்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி, 1947இல் யாழ் நூலை வெளியிட்டவர் அவர். மிசனின் கணக்கேட்டில் அவர் ஓர் இழப்பு. மதம் மாறாத மாணவன். அப்பள்ளிக்கூடம் இக்கரைக்கு ஆற்றிய பணியின் கணக்கிலோ அவருக்கு ஈடாகச் சொல்லத்தக்கவர் மிகச் சிலரே. எந்தக் கணக்கேட்டை நாம் வளர்ச்சியின் அளவாகக் கொள்வது என்னும் வினா இங்குதான் கூர்மையடைகின்றது.

அச்சமும் அதன் விலையும்

முஸ்லிம் ஊர்களில் இப்பள்ளிக்கூடங்கள் எவ்வாறு நோக்கப்பட்டன? பிள்ளையைக் குர்ஆன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பெற்றோர், மிசன் பாடசாலைக்கு அனுப்பத் தயங்கினர். விரட்டப்பட்ட வரலாற்றை நினைவிற் கொண்ட சமூகத்துக்கு, பிள்ளையின் சமயம் பள்ளிக்கூடத்தில் ஆபத்துக்குள்ளாகும் என்னும் அச்சம் அறியாமையின் விளைவன்று. அதற்குக் காரணம் இருந்தது. பாதிரிமார் தமது நோக்கத்தை மறைத்தவர்களுமல்லர். ஆனால் அத்தயக்கத்துக்கு ஈந்த விலை பெரிது. ஆங்கிலக் கல்வியே உத்தியோகத்துக்கும் சட்டத் தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் திறவுகோலாயிருந்த நூறாண்டுக் காலம், இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலோர் அதற்கு வெளியே நின்றனர். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெவ்வை (1838–1898), தமது சமயத்தைக் காத்துக்கொண்டே நவீன கல்வியைப் பெறுவதற்கு முஸ்லிம்கள் தமக்கெனப் பாடசாலைகளை நிறுவவேண்டும் என்று வற்புறுத்தியமைக்கு இதுவே பின்னணியாகும்.

கிழக்கிலே அக்குரல் பயன்தரப் பல்லாண்டு சென்றது. 1941இல் அட்டாளைச்சேனையில் முஸ்லிம் ஆசிரியர் பயிற்சிக்கு வழி பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், கல்முனையில் அமைக்கப்பட்ட அவசரகாலக் கச்சேரிக்கு உதவி அரசாங்க அதிபராக ஏ. எம். ஏ. அஸீஸ் (1911–1973) வந்தார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். உணவு உற்பத்திக்காக வந்த அவர், இக்கரை முஸ்லிம்களின் கல்வி நிலையைக் கண்டு கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றக் காரணமானார். சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பும் இக்காலத்ததே. மிசன் பாடசாலையிற் கற்ற இந்துத் துறவியும், இந்துக் கல்லூரியிற் கற்ற முஸ்லிம் அறிஞரும் கல்முனையிற் கல்வி பற்றிச் சிந்தித்தனர். 1945இல் அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1949இல் கல்முனை ஸாஹிராக் கல்லூரி தோன்றியது. அதன் பின்னணியில் எம். எஸ். காரியப்பரின் முயற்சி நின்றது. 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று ஒலுவிலில் நிலைபெற்றுள்ளது.

கிறிஸ்தவ விசுவாசத்தின் வரலாற்றில் இச்செய்திகளுக்கு இடமென்ன என்று வினவலாம். அயலான் நம் பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவில்லை என்பதை விளங்கிக்கொள்ளாத விசுவாசம், தன்னையும் விளங்கிக்கொள்ளவில்லை என்பதே விடை. அன்பைப் போதித்த நிறுவனம், அயலவன் அஞ்சும் நிறுவனமாகவும் இருந்தது. இவ்வுண்மையை எதிர்கொள்ளும் வாய்ப்பு, அந்நிறுவனம் கையிலிருந்த வரை கிறிஸ்தவருக்குக் கிட்டவில்லை.

இழப்பும் விளக்கமும்

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசின் பொறுப்பில் ஒப்படைத்தன. நாடெங்கும் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களில் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். நூற்றைம்பது ஆண்டுகளாகத் தமது பணியின் இதயமெனக் கருதியதைச் சபைகள் ஒரே ஆண்டில் இழந்தன. முற்போக்காளர் பலர் இச்சட்டங்களை வரவேற்றனர். கல்வி ஒரு சமயக் குழுவின் தனியுரிமையாக இருத்தலாகாது என்னும் அவர்களது வாதத்தை நாமும் ஏற்கின்றோம். இந்து, முஸ்லிம் அமைப்புக்கள் அரும்பாடுபட்டு வளர்த்த பாடசாலைகளும் இதனோடு கைமாறின என்பதையும் மறத்தலாகாது.

இவ்விழப்பு நேர்ந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1962 முதல் 1965 வரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1965 ஒக்ரோபர் 28இல் அது வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய அறிக்கை, முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குவதாகவும், அவர்கள் ஒரே கடவுளை வழிபட்டு, இயேசுவை இறைவாக்கினராகப் போற்றி, மரியாளைக் கனம் பண்ணுவதை ஏற்பதாகவும் கூறிற்று. 1964இல் இலங்கை மெதடிஸ்த சபை இங்கிலாந்துச் சபையின் ஆளுகையிலிருந்து நீங்கித் தன்னாட்சி பெற்றது. அச்சபையின் தலைவர்களுள் ஒருவரான யாழ்ப்பாணத் தமிழர் டி. ரி. நைல்ஸ் (1908–1970), ஆசியக் கிறிஸ்தவர் தமது மண்ணிலே நின்று தமது விசுவாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதை உலக அரங்குகளில் எடுத்துரைத்தவர்.

மாற்றம் சொற்களிலும் தெரிந்தது. பழைய கத்தோலிக்கத் தமிழில் ‘சருவேசுரன்’, ‘இஸ்பிரீத்து சாந்து’, ‘பூசை’ என வழங்கியவை ‘இறைவன்’, ‘தூய ஆவி’, ‘திருப்பலி’ என மாறின. ‘ஞானஸ்நானம்’ ‘திருமுழுக்கு’ ஆயிற்று. இலத்தீனில் நிகழ்ந்த வழிபாடு தமிழில் நிகழ்ந்தது. மனனஞ் செய்த சொல்லிலிருந்து பொருள் விளங்கும் சொல்லுக்குச் செல்லும் இப்பெயர்ச்சியை வெறும் மொழிச் சீர்திருத்தமாகக் கொள்ளலாகாது. வினாவை எழுப்பும் உரிமை கேட்போனுக்கு வந்ததன் அடையாளம் அது.

அயலின் வினாக்கள்

கல்முனைக் கிறிஸ்தவன் முன் அவ்வினாக்கள் நூலகத்தில் எழுவனவல்ல. சந்தையிலும் பேருந்திலும் பாடசாலை ஆசிரியர் அறையிலும் எழுவன. அவனுடைய முஸ்லிம் அயலவர் இயேசுவை ஈஸா நபி என்று மதிப்பவர். மர்யமின் பெயரைத் தம் பெண்மக்களுக்கு இடுபவர். ஆபிரகாமை இப்றாஹீம் நபியாக அறிந்தவர். அதே அயலவர் இயேசு இறைமகன் என்பதை மறுப்பவர். சிலுவை மரணத்தையும் ஏற்காதவர். இந்து அயலவரோ இயேசுவின் படத்தை மற்றைத் தெய்வங்களின் படங்களோடு ஒரே சுவரில் மாட்டத் தயங்காதவர். ஒருவர் மிகுதியாக மறுக்கின்றார். மற்றவர் மிகுதியாக ஏற்கின்றார். இவ்விருவரிடையே வாழும் கிறிஸ்தவன், தான் உண்மையில் நம்புவது யாது, ஏன் நம்புகின்றான் என்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியவனாகின்றான். கிறிஸ்தவர் பெரும்பான்மையாக வாழும் ஊரில் இத்தேவை இவ்வளவு நெருக்கமாக எழுவதில்லை. எனவே சிறுபான்மை நிலையை விளக்கத்தின் வளர்ச்சிக்கு உதவிய ஒரு காரணியாகவே நாம் கருதுகின்றோம்.

ஒரு சொல்லாராய்ச்சி இங்குப் பொருத்தமானது. கிறிஸ்தவர் செப முடிவிற் சொல்லும் ‘ஆமென்’ எபிரேயம். முஸ்லிம்கள் பிரார்த்தனை முடிவிற் சொல்லும் ‘ஆமீன்’ அரபு. உறுதி, நம்பத்தகு நிலை என்னும் பொருளுடைய ஒரே செமித்திய வேரிலிருந்து இரண்டும் பிறந்தன. இஸ்லாமியர் நம்பிக்கையைக் குறிக்க வழங்கும் ‘ஈமான்’ என்பதும் அவ்வேரிலிருந்தே வந்தது. ஆகவே ‘விசுவாசம்’ என்னும் தமிழ்க் கிறிஸ்தவச் சொல்லின் ஆழ்ந்த பொருளை அறிய விரும்பும் கல்முனைக் கிறிஸ்தவனுக்கு, அயலூர்ப் பள்ளிவாசலில் ஒலிக்கும் சொல் ஓர் உதவியாகின்றது. எசமானுக்குக் கீழ்ப்படிதல் என்னும் பொருள் நீங்கி, உறுதியான ஒன்றின்மீது தன்னைச் சார்த்துதல் என்னும் பொருள் முன்வருகின்றது. வேறுபாடுகளை இது அழித்துவிடவில்லை. வேறுபாடுகளை அஞ்சாமல் உற்று நோக்குவதற்கு ஒரு பொதுநிலத்தைத் தருகின்றது.

அந்நிலம் பிற்காலத்திற் கடுஞ்சோதனைக்கு உள்ளாகியது. 1985 முதல் தமிழ்–முஸ்லிம் உறவு இக்கரையிற் குருதி சிந்தும் நிலைக்குச் சென்றது. 1990இல் கல்முனையிற் தமிழர் பலர் படையினராற் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் ஆயுதந் தாங்கிய தமிழராற் கொல்லப்பட்டனர். அம்மாதமே இயேசு சபைக் குருவானவர் யூஜின் ஹேபேட் மட்டக்களப்பை நோக்கிய பயணத்திற் காணாமற் போனார். 1948இல் அமெரிக்காவிலிருந்து மட்டக்களப்புக்கு வந்து, 2023இல் மறையும் வரை அந்நகரோடு தம் வாழ்வைப் பிணைத்திருந்த ஹரி மில்லர் அடிகளார், சமாதானக் குழுவிற் பணியாற்றிக் காணாமற் போனோரின் விபரங்களைப் பதிவு செய்தவர். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு, உரிமை கோருவோரின் பெயர்ப் பட்டியல். இப்பதிவோ உரிமை மறுக்கப்பட்டோரின் பெயர்ப் பட்டியல். முந்நூறு ஆண்டுகளில் ஒரு சமயம் அடைந்த விளக்கத்தை இவ்விரு ஏடுகளின் வேறுபாட்டிலே காணலாம்.

2004 டிசம்பர் 26இல் கடல் பெருக்கெடுத்தபோது அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு என ஊர் வேறுபாடின்றி அலை அடித்தது. பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் ஒருங்கே அகதி முகாம்களாயின.

2019 ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, இஸ்லாத்தின் பெயரைக் கூறிய ஒரு சிறு கும்பல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டை வெடிக்கச் செய்தது. சிறுவர் பலர் உயிரிழந்தனர். ஐந்து நாட்களின் பின், ஏப்பிரல் 26ஆம் நாள், அக்கும்பலைச் சேர்ந்தோர் சாய்ந்தமருதில் ஒரு வீட்டிற் பதுங்கியிருந்தனர். அயலிலே ஐயத்துக்குரியோர் குடிவந்துள்ளனர் என்பதை அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. படையினர் சூழ்ந்தபோது அவர்கள் குண்டுகளை வெடிக்க வைத்துத் தம் குழந்தைகளோடு மாண்டனர். சீயோனிற் பிள்ளைகளை இழந்த கிறிஸ்தவனுக்குச் சாய்ந்தமருது எவ்வாறு தோன்ற வேண்டும்? கொலையாளிகள் பதுங்கிய ஊராகவா, அவர்களைக் காட்டிக்கொடுத்த ஊராகவா? இரண்டும் உண்மையே. எதனை முதலிற் கூறுவது என்பதிலே விசுவாசத்தின் தன்மை வெளிப்படுகின்றது.

இவ்வினா முடிந்த கதையன்று. அதே ஆண்டு யூனிலே கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் கோரிக்கை உண்ணாவிரதமாக வெளிப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் எதிரெதிர் நிலைகளில் நின்றனர். கல்முனைக் கிறிஸ்தவரிற் பெரும்பாலோர் இனவகைப்பாட்டால் தமிழர். எனவே எல்லைப் பிணக்கில் அவர்கள் ஒரு தரப்பினராகவே எண்ணப்படுவர். தமது உரிமையைக் கோருவது தவறன்று. ஆனால் அயலவனின் அச்சத்தையும் தனது வாதத்தின் ஒரு பகுதியாக எண்ணிப் பார்க்கும் பயிற்சி, பள்ளிக்கூட வரலாற்றிலிருந்து அவர்கள் பெற்ற அல்லது பெற்றிருக்க வேண்டிய பாடமாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று கட்டங்கள் புலனாகின்றன. முதற் கட்டத்தில் விசுவாசம் ஆட்சியின் ஏட்டிற் பதிந்தது. ஆட்சி மாறியதும் மறைந்தது. இரண்டாம் கட்டத்தில் அது பாடப்புத்தகத்திற் பதிந்தது, அறிவைப் பரப்பியது, உத்தியோகத்தைத் தந்தது, அயலவருள் ஒரு சாராரை அஞ்சவும் வைத்தது. மூன்றாம் கட்டத்தில், பள்ளிக்கூடத்தை இழந்த சிறு சமூகம், தன் அயலவரின் வினாக்களையும் துயரங்களையும் எதிர்கொண்டு தன் நம்பிக்கையின் பொருளைத் தேடத் தொடங்கியது. இக்கட்டம் இன்னும் நிறைவுறவில்லை. நிறைவுறும் என்று உறுதி கூறவும் நாம் துணியோம்.

இம்முடிபு கிறிஸ்தவருக்கு மாத்திரம் உரியதன்று. கிழக்குக் கரையில் ஒவ்வொரு சமயமும் ஏதோ ஓரூரிற் பெரும்பான்மை. அடுத்த ஊரிற் சிறுபான்மை. பெரும்பான்மையாக நிற்கும் ஊரில் அது தன்னை உரத்துக் கூறுகின்றது. சிறுபான்மையாக நிற்கும் ஊரில் தன்னைச் சிந்திக்கின்றது. ஒழுங்கை ஒன்றே எல்லையாக உள்ள ஊர்களில் இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது. அத்தூரத்தை நடந்து கடப்போரின் தொகை பெருகுமாயின், காரைதீவிலிருந்து கல்முனைக்குச் சென்று கற்ற அச்சிறுவனின் பயணம் ஒரு தனிமனித வரலாறாக நின்றுவிடாது என்பது எமது கருத்து.